மாசம் ரெண்டாயிரம் வருது... பேச்சுப் பயிற்சி எப்ப வரும்?

கனடாவில் பட்டியல் போட்டும் தீராத வரிசை. பெரம்பலூர், அரியலூரில் எண்ணப்படாத வரிசை!

பெரம்பலூர் – அரியலூர்:

பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் வாசலுக்கு ஓடுகிறான். ஆக, காது கேட்கிறது. பேச்சுதான் இல்லை. "அவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் வாய் திறந்தான். பொறுத்துப் பாரு" என்கிறார் அப்பாயி. பொறுத்துப் பார்த்ததில் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது.

இது ஏதோ ஒரு வீட்டு விஷயம் அல்ல. வேப்பந்தட்டையிலும் நடக்கிறது, ஆண்டிமடத்திலும் நடக்கிறது. சின்ன வெங்காயம் நடும் வீட்டிலும் உண்டு, சிமெண்ட் ஆலைக்கு ஷிப்டு போகிறவர் வீட்டிலும் உண்டு, அரசு அலுவலகக் கிளார்க் வீட்டிலும் உண்டு.

உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஆட்டிசம் இருப்பதாக 2021-ஆம் ஆண்டுக்கான கணக்கை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5 லட்சத்து 65 ஆயிரம் பேர், அரியலூர் மாவட்டத்தில் 7 லட்சத்து 54 ஆயிரம் பேர். இரண்டையும் கூட்டி அந்த விகிதத்தில் வகுத்தால், பெரியவர் சிறியவர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். இது வீடு வீடாகப் போய் எண்ணியது அல்ல, விகிதக் கணக்குதான். இருந்தாலும் விஷயம் சின்னதல்ல என்று காட்டப் போதும்.

இந்தக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கையில் கொஞ்சம் பணம் தருகிறது. பயிற்சி கிடைக்கும் வரை அந்தப் பணத்தை வைத்து ஒப்பேற்ற வேண்டும். பணம் பயிற்சிக்கு ஈடாகுமா? எத்தனை நாள் ஒப்பேற்றுவது? கேள்வி இதுதான்.

ஆட்டிசம் என்பது என்ன?

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் என்பவர், தாம் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் இந்தப் பெயர் குழந்தை மருத்துவத்தில் நிலைத்தது. தமிழில் சிலர் மதியிறுக்கம் என்கிறார்கள். நமது அரசாங்கக் காகிதங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதுவது உண்டு. டீக்கடையில் பேசும்போது எல்லோருக்கும் ஆட்டிசம்தான்.

ஒரு வயதாகியும் மழலை வராமை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, கண்ணோடு கண் பாராமை, வண்டியை ஓட்டி விளையாடாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருத்தல், வந்த பேச்சு திடீரென்று நின்றுபோதல். இவை அடையாளங்கள். ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் இருக்கவும் கூடாது.

தாய் வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்பது பொய். தடுப்பூசியால் வந்தது என்பதும் பொய். இரண்டையும் மருத்துவ உலகம் ஆராய்ந்து பார்த்துத் தள்ளிவிட்டது. இதைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் கிடையாது. தாயத்தும் உதவாது. "மூணே மாசத்தில் குணமாக்குகிறோம்" என்று போர்டு போட்டவரிடம் பணத்தைக் கட்டிவிட்டு அழுதவர்கள் உண்டு.

பலன் தருவது பயிற்சி. பேச்சுப் பயிற்சி, சோறு சாப்பிடுவது முதல் சட்டை போடுவது வரை அன்றாடக் காரியங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி, நடத்தைப் பயிற்சி, சிறப்பாசிரியர் வழிக் கல்வி. சின்ன வயதில் ஆரம்பித்தால் பலன் கூடுதல். ஆறு, ஏழு வயதில் ஆரம்பித்தாலும் வீண் போகாது. ஆனால் இரண்டு வயதில் பிடித்திருக்க வேண்டியதை ஆறு வயதில் பிடித்தால், நடுவே போன நாலு வருஷம் திரும்பி வராது.

அரசாங்கம் தருவது என்ன?

ஆட்டிசம் முதலில் சட்டத்துக்குள் வந்தது 1999-ல். அந்த வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகியவை சேர்க்கப்பட்டன. பிறகு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் ஆட்டிசமும் ஒன்று. 2017 ஏப்ரல் 19 முதல் அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2022 டிசம்பர் வரை மாதம் 1,500 ரூபாய். 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோயாளிகள் முதலானோருக்கு இது உண்டு. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்பது கணக்கு.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஆட்டிசம் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும். சான்றிதழில் எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதம் எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மேஜையில் உள்ளவர் பேசுவார். ஆகவே டாக்டரிடம் சான்று வாங்கும்போதே, "அய்யா, ரெண்டையும் பார்த்து எழுதுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது. எந்தத் தலைப்பில் மனு எழுத வேண்டும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை மூலம் "நிராமயா" என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மற்றக் காப்பீடுகள் போல ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்று இல்லை, பயிற்சிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் முதலில் நாம் செலவு செய்ய வேண்டும். பில்லை அனுப்ப வேண்டும். பிறகுதான் பணம். கையில் முதல் இல்லாத கூலிக்காரக் குடும்பம் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாய் கழிவு கேட்கலாம். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய். உரிய சான்று மட்டும் வேண்டும். ஆபீசில் நாலு பேருக்குத் தெரியும்படி கேட்க வெட்கப்பட்டு இதை விட்டுவிட்டவர்கள் பலர். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வரிசைக்கு முன்னால் ஒரு வரிசை

மேலே சொன்ன எதை வாங்குவதற்கும் சாவி ஒன்றுதான். அதுதான் மாற்றுத்திறனாளி சான்றிதழும், நாடு முழுவதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும்.

ஆட்டிசத்தை அளக்க "இசா" என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. 40 குணங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 70-ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். இதைப் பொறுமையாகச் செய்ய மனநல மருத்துவரோ, உளவியல் நிபுணரோ, குழந்தை மருத்துவரோ வேண்டும். ரத்தம் எடுத்து அரை மணியில் ரிசல்ட் கொடுக்கும் வேலை அல்ல இது. புது இடத்தில், புது முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அழுது புரண்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

2017 விதிகளின்படி, மனு கொடுத்து ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று இருந்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இப்போது மூன்று மாதம். பெரியவர் ஒருவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதம்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு!

சான்று வாங்கிய பிறகு உதவித்தொகைக்கு மனு. அது ஒரு வரிசை. பயிற்சிக்குத் தனி வரிசை. ஆக, ஒரு வரிசையில் நின்று வெளியே வந்தால் அடுத்த வரிசையின் வால் தெரிகிறது.

ரெண்டாயிரத்தில் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் இடத்தில் ஒரு தடவை பயிற்சிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு தடவை. மாதத்துக்கு எட்டு தடவை. ஆச்சு 4,000 ரூபாய். உதவித்தொகை அதில் சரிபாதி.

இதோடு முடியவில்லை. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். அரியலூரிலிருந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அரியலூர்க்காரர்களுக்கு ரயிலாவது உண்டு. பெரம்பலூர் ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்தான் கதி. கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நின்றபடி பிரயாணம் செய்யும் தாயைப் பார்த்து, "என்னம்மா புள்ளய வளர்த்திருக்கே?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். அந்தச் செலவுக்கு எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். பயிற்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வர வெளியூர்ப் பேருந்திலும் சலுகை அட்டை வாங்கலாம். ஆனால் தாய் இழக்கும் நாள் கூலிக்குச் சலுகை அட்டை கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மூன்றாம் நாள் வேலையே இருக்காது.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால், ஆந்திராவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2024 ஜூலையில் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக்கினார்கள். "அங்கே கொடுக்கிறார்கள், இங்கே ஏன் இல்லை?" என்று தமிழகத்து மாற்றுத்திறனாளி சங்கங்கள் கேட்பது இதைக் காட்டித்தான். கேரளாவில் "ஆஸ்வாசகிரணம்" என்ற பெயரில், முழு நேரமும் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தனியாகத் தரும் திட்டம் 2010-ல் வந்தது. தொகை சின்னது. ஆனால் பார்த்துக்கொள்ளும் தாயின் உழைப்பும் ஒரு வேலைதான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது பெரியது.

சரி, தொகையை உயர்த்திக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் கனடா நாட்டுக் கதை நமக்குப் பாடமாக இருக்கிறது.

லட்சக்கணக்கில் கொடுத்த கனடா!

கனடாவில் ஒன்டாரியோ என்று ஒரு மாகாணம். டொரன்டோ நகரம் இருப்பது அங்கேதான். ஸ்கார்பரோ பக்கம் போனால் தமிழ்க்கடை போர்டுகளைப் பார்க்கலாம். இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் குடியிருக்கும் இடம். அங்கே ஆட்டிசம் பயிற்சியை மாகாண அரசே செலவு செய்து கொடுத்தது. ஆனால் பயிற்சி இடங்கள் குறைவு, பிள்ளைகள் அதிகம். வரிசை நீண்டது.

2016 மார்ச்சில் அரசு ஒரு யோசனை செய்தது. தீவிரப் பயிற்சிக்குக் காத்திருந்த பிள்ளைகளில் ஐந்து வயது நிரம்பியவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குடும்பத்துக்கு 8,000 டாலர் கொடுப்பது. ஒரே தடவை. வருஷக்கணக்கில் நின்ற பெற்றோருக்கு வயிறு எரிந்தது. "வரிசையில் நின்றதால்தானே பிள்ளைக்கு ஐந்து வயது ஆனது? அதையே காரணம் காட்டி வெளியே தள்ளுவதா?" என்பது அவர்கள் கேள்வி. போராட்டம் வலுத்தது. ஜூன் மாதமே அரசு இறங்கி வந்தது. புதுத் திட்டம் வரும் வரை 10,000 டாலர் வீதம் தொடர்ந்து கொடுப்பதாகச் சொன்னது.

2018-ல் ஆட்சி மாறியது. 2019 பிப்ரவரி 6-ல் அமைச்சர் லிசா மெக்லியோட் வேறு திட்டம் அறிவித்தார். அப்போது பட்டியலில் காத்திருந்தவர்கள் 23,000 பேர். பட்டியலைத் தீர்க்க எல்லாருக்கும் பணமாகவே பங்கிட்டுக் கொடுப்பது என்றார். ஆறு வயதுக்குக் கீழே என்றால் வருஷத்துக்கு அதிகபட்சம் 20,000 டாலர். அதற்கு மேல் 18 வயது வரை 5,000 டாலர். 20,000 டாலர் என்றால் அன்றைய மதிப்பில் நம் பணம் பத்து லட்சத்துக்கு மேல்!

"பத்து லட்சமா? போதுமே" என்று இங்கே நமக்குத் தோன்றும். அங்கே தீவிரப் பயிற்சிக்கு வருஷத்துக்கு 50,000 டாலரைத் தாண்டிச் செலவாகும் பிள்ளைகள் உண்டு. லேசான பாதிப்பு உள்ள பிள்ளைக்கும் கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளைக்கும் ஒரே தொகை. ஆறாவது பிறந்த நாள் வந்தால் பிள்ளையின் தேவை குறையாது, ஆனால் தொகை 15,000 டாலர் குறையும். கேக் வெட்டுவதா, அழுவதா? 2019 மார்ச்சில் மாகாண சட்டசபைக்கு முன்னால் பெற்றோர் திரண்டார்கள்.

அமைச்சர் மாற்றப்பட்டார். புதிய அமைச்சர் டாட் ஸ்மித், திட்டம் சரியாக அமையவில்லை என்று ஜூலையில் ஒப்புக்கொண்டார். ஒதுக்கீடு வருஷத்துக்கு 60 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. பிள்ளையின் தேவையைப் பார்த்துக் கொடுக்கும் புதுத் திட்டம் தயாராக நாளாகும் என்பதால், 2019 டிசம்பரில் "இடைக்கால ஒருமுறை நிதி" என்று அறிவித்தார்கள். தொகை அதே 20,000, அதே 5,000.

ஒருமுறை என்று சொன்னது ஒருமுறையோடு நிற்கவில்லை. புதுத் திட்டம் தள்ளிப்போனதால் மறுபடியும் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குள் பட்டியல் என்ன ஆனது? 2019-ல் 23,000. 2024-ல் பெயர் பதிந்த குழந்தைகள் 70,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் முழுப் பயிற்சிக்கு இன்னும் காத்திருந்தார்கள்.

பணம் இருந்தும் ஏன் இப்படி?

பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்தாகிவிட்டது. அதைக் கொண்டு வாங்கப் பயிற்சியாளர் வேண்டுமே! முன்பு அரசுப் பணத்தை நம்பி ஆட்களை வைத்திருந்த நிலையங்கள், திட்டம் மாறி மாறி வந்ததில் பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பின. மாகாணத்தின் வடக்கே உள்ள சின்ன ஊர்களில், கையில் காசு இருந்தும் போவதற்கு இடம் இல்லை. நூறு கிலோமீட்டர், இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நமது ஊரில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். ரேஷன் கார்டு இருக்கிறது, பை இருக்கிறது, காசும் இருக்கிறது. கடையில் அரிசி வரவில்லை. என்ன செய்வது?

அதற்காக இடைக்காலப் பணம் வீண் என்று சொல்ல முடியாது. பல குடும்பங்களில் அந்தப் பணத்தால்தான் பயிற்சி அறுபடாமல் ஓடியது. அது இல்லாவிட்டால் வீட்டை அடகு வைத்திருப்பார்கள். பணம் கட்டாயம் வேண்டும். ஆனால் பணம் கொடுத்ததையே காரியம் முடிந்ததாக எடுத்துக்கொண்டால், "இடைக்காலம்" என்பதே நிரந்தரம் ஆகிவிடுகிறது. பக்கத்தில் பயிற்சி நிலையம் எழும்பிக்கொண்டே இருந்தால்தான் இடைக்காலத்துக்கு ஒரு முடிவு வரும்.

அங்கே இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. 23,000 என்ற எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் சட்டசபை வாசலில் கேள்வி கேட்க முடிந்தது. பத்திரிகைகள் அந்த எண்ணைப் போட்டுப் போட்டே இரண்டு அமைச்சர்களைப் பதில் சொல்ல வைத்தன.

நம் மாவட்டத்தில் அந்த எண் என்ன? உதவித்தொகை வாங்குவோர் எத்தனை பேர், ஒதுக்கீடு எத்தனை கோடி என்பதை அரசு வருஷா வருஷம் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சடித்துச் சட்டசபையில் வைக்கிறது. ஆனால் வேப்பூர் வட்டாரத்திலோ திருமானூர் வட்டாரத்திலோ பேச்சுப் பயிற்சிக்காக எத்தனை பிள்ளைகள், எத்தனை வாரமாக நிற்கிறார்கள் என்ற கணக்கு அதில் இல்லை. பெயர் இல்லாத வரிசை கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத வரிசைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம்!

நிபுணர் வரும் வரை ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும் என்று காட்டிய ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை. 2016-ல் முடிவு வெளியானது. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 12 தடவை. பிள்ளையின் விளையாட்டுக்குள் தாய் எப்படிப் போய்ச் சேர்வது, அது காட்டும் சின்னச் சைகைக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் பாடம். முடிவில் பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசுவது கூடியது. பிள்ளைகள் தாங்களாகப் பேச்சுக் கொடுக்க முன்வருவதும் கூடியது.

பெரிய கட்டடமோ வெளிநாட்டு மெஷினோ வேண்டாம். அங்கன்வாடியும் கிராமச் செவிலியரும் உள்ள நம் ஊருக்கு இது ஏற்ற வழி. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கான பயிற்சி முறை ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும்போது, கூடவே மாதம் இரண்டு மணி நேரம் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தத் தாயோடு உட்கார்ந்தால், காத்திருக்கும் காலம் அத்தனையும் கரைந்துபோகாது.

தமிழக அரசு "உரிமைகள்" என்ற திட்டத்தை உலக வங்கிக் கடனோடு எடுத்திருக்கிறது. 2022-ல் வங்கி ஒப்புதல் கொடுத்தது. அதன்கீழ் "விழுதுகள்" என்ற பெயரில் பயிற்சிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் அமைக்கும் வேலை நடக்கிறது. நல்ல ஏற்பாடு. இந்த விழுது செந்துறைக்கும் குன்னத்துக்கும் இறங்குவதில்தான் அதன் பலன் இருக்கிறது. கட்டடம் திறந்தால் போதாது. பேச்சுப் பயிற்சியாளர் என்ற பணியிடத்தில் ஆள் இருக்க வேண்டும்.

நாளைக்கே செய்யக்கூடியவை

* சான்றிதழ் வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் டாக்டர் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். "எங்க புள்ளயையும் பாருங்க" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் "மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம்" என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். பெரம்பலூர்க்காரர்கள் அரசு தலைமை மருத்துவமனையிலும், அரியலூர்க்காரர்கள் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் இந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம்.

* பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். அன்று ஒரு நாள் வேலையை விட்டாலும் நஷ்டமில்லை.

* சின்னக் குழந்தைக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். முடியும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே மறு மனு கொடுங்கள்.

* எந்த மனுவையும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பயிற்சிக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வாங்கி, ஒரு பைலில் போட்டு வையுங்கள். நிராமயாவுக்கு அதுதான் உயிர்.

* திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் தனியாகப் போவதைவிட, நாலு குடும்பம் சேர்ந்து போவது நல்லது.

பத்து ரூபாய் ஸ்டாம்பு!

சேர்ந்து போகிறவர்கள் ஒரு மனுவையும் எழுதிக்கொண்டு போகலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி யாரும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியது நாலே நாலு கேள்வி.

நம் மாவட்டத்தில் ஆட்டிசம் சான்றிதழுக்கு மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அதில் மூன்று மாதம் தாண்டியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் அரசு மையத்தில் பெயர் பதிந்து காத்திருக்கும் குழந்தைகள் எத்தனை பேர், எத்தனை வாரமாக? அந்தப் பயிற்சிகளுக்கான பணியிடங்கள் எத்தனை, அதில் ஆள் உள்ளவை எத்தனை?

பெரம்பலூரும் அரியலூரும் 2007 நவம்பர் வரை ஒரே மாவட்டம். பிரிந்த பிறகு இரண்டு கலெக்டர், இரண்டு அலுவலகம். ஆக, இரண்டு மனு. செலவு இருபது ரூபாய்.

பதில் வந்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணை எம்.எல்.ஏ.யிடம் காட்டலாம், மேடையில் பேசுகிறவரிடம் கேட்கலாம், வருஷா வருஷம் கூடியதா குறைந்ததா என்று ஒட்டிப் பார்க்கலாம். பயிற்சி வரும் வரை உதவித்தொகை வரட்டும், முடிந்தால் கூட்டியும் கொடுக்கட்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் பயிற்சி வரவில்லை என்பதையும் அதே அரசாங்கம் எண்ணிச் சொல்லட்டும்.